வாசல் காவல்

ஹலோ... ஹலோ, சொல்லுங்க... சத்தமா பேசுங்க, இங்க மிஷின் ஓடுது... என்ன?... இருங்க, இருங்க, நிறுத்திட்டு வர்றேன்.

ம். இப்போ சொல்லுங்க... அக்கா இருக்காங்களாவா?... எந்த அக்கா?... ஓ.

இல்ல. அக்கா இல்ல... நான் அவங்க வீட்டுக்காரர் பேசறேன்... ஆமா, நம்பர் சரிதான். அவ ஃபோன்தான். கடையில, என் மேஜை டிராயர்ல கிடக்குது. தினம் சார்ஜ் போட்டு வெப்பேன்... நீங்க யாரு?... கடப்பாரையா!... இல்ல தம்பி, சிரிக்கல. அவ சொல்லியிருக்கா. கேம்ல ஆளு ஏழடி, தோள்ல இரும்புக் கடப்பாரை, எல்லாருக்கும் முன்னாடி பாஞ்சு போய் அடி வாங்கற ஆளுன்னு. குரல் இப்படி ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கும்னு நெனைக்கல, அவ்வளவுதான்... சரி சரி. என்ன விஷயம்?

ம்... ம்... ஆமா... ஆமா, தெரியும்... முப்பது நாள். கூட்டத்துக்குத் தலைவியா இருக்கறவ முப்பது நாள் உள்ள வரலன்னா, கம்பெனிக்காரன் கோட்டையை அழிச்சுட்டு கூட்டத்தையும் கலைச்சுடுவான். இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணியோட முப்பது முடியுது... எனக்கு எப்படித் தெரியுமா? எண்ணிக்கிட்டுதானே இருக்கேன்.

இப்போ மணி அஞ்சே கால். அவசரம் என்ன?... ஞாயித்துக்கிழமை பெரிய போட்டி... கோட்டை இல்லன்னா சேத்துக்க மாட்டாங்க... தலைமையை வேற ஆளுக்கு மாத்தணும்னாலும் தலைவியே வந்துதான் மாத்தணும்... தெரியும் தம்பி, எல்லாம் தெரியும். அந்தக் கோட்டைக்கு ஒவ்வொரு கல்லும் எங்க வெக்கணும்னு இந்த வீட்டுல எத்தனை நாள் சோறு ஆறிப்போயிருக்கு தெரியுமா?

ஒரு நிமிஷம்.

வாங்கம்மா. என்ன, கால் ஆடுதா? குடுங்க... ஸ்க்ரூதான் லூசு. கண்ணாடியை ஒரு கையால கழட்டுவீங்க, அதான். ரெண்டு கையாலயும் கழட்டணும்... ஆச்சு. போட்டுப் பாருங்க... மூக்குல உக்காருதா?... பரவால்லம்மா, இதுக்குப் போய் காசு வாங்குவாங்களா, போயிட்டு வாங்க.

ம், சொல்லு தம்பி... ஒரு தடவை வந்தா போதுமா? உள்ள வந்து ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போனா போதுமா... சொல்றேன் இரு. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். இந்த நம்பர் உனக்கு எப்படிக் கிடைச்சுது?... அவளே குடுத்தாளா?... எப்போ?... மூணு வருஷமா உன்கிட்ட இருக்கா இந்த நம்பர்?

சரி.

இல்ல, ஒண்ணும் இல்ல. மூணு வருஷமா இருக்கு, இன்னிக்குதான் முதல் ஃபோன். அதை மனசுல குறிச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்.

தம்பி, நேராவே சொல்லிடறேன். சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. அக்கா வெளிய போகல. கடைக்குப் போகல. அவ செத்துட்டா... ஆமா. பதினாலு மாசம் ஆச்சு.

...

கேக்குதா?

அப்புறம் எப்படி ஆடினாங்கன்னு கேப்ப. நான்தான் ஆடினேன். பதிமூணு மாசம். நீ அக்கா அக்கான்னு எழுதினது எல்லாம் எனக்குத்தான். அடிபட்டுக் கீழ விழுந்தப்போ உனக்கு மருந்து போட்டதும் நான்தான். நாப்பத்தொம்பது வயசு ஆம்பளை, கண்ணாடிக் கடைக்காரன், முன் வழுக்கை. போதுமா?

வேணும்னு பண்ணல. அவ போன மூணாவது நாள் உங்ககிட்ட சொல்லத்தான் கம்ப்யூட்டரைத் தொறந்தேன். உள்ள போன உடனே அத்தனை பேரும் குதிக்கறீங்க. அக்கா வந்தாச்சு, அக்கா வந்தாச்சுன்னு கோட்டை முழுக்க ஒரே குதி. 'அவங்க'ன்னு அடிச்சேன். அழிச்சேன். மறுபடி அடிச்சேன். அதுக்குள்ள ஒருத்தர் 'ஏன் அக்கா ரெண்டு நாளா காணோம், நாங்க அனாதை ஆயிட்டோம்'னு போடறாரு. நான் 'வந்துட்டேன்'னு போட்டேன். அந்த ஒரு வார்த்தையில மாட்டினவன்தான்.

எனக்குப் பிடிச்சிருந்துச்சு தம்பி. அதையும் மறைக்கல. என் வாழ்க்கையில நான் உள்ள வந்ததுக்கு யாரும் குதிச்சதில்ல. கடையில வர்றவங்க கண்ணாடியைப் பாப்பாங்க, என்னைப் பாக்க மாட்டாங்க. வீட்டுக்குப் போனா செவுருதான். அதனால அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்து இங்கயே, கடைக்குப் பின்னாடி, லென்ஸ் மிஷின் பக்கத்துல வெச்சுக்கிட்டேன். அவ ஒரு நோட்டு வெச்சிருந்தா. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம். உன் பக்கத்துல என்ன எழுதியிருக்கா தெரியுமா? 'கடப்பாரை, அவசரக்குடுக்கை. விழுந்த உடனே மருந்து போடாதே, ரெண்டு எண்ணு, எழுந்ததும் திட்டாதே, முகம் வாடிடுவான்.' அதைப் பாத்துப் பாத்துதான் ஆடினேன். பரிச்சைக்குப் படிக்கற மாதிரி படிச்சேன்.

...

என்ன தம்பி, அழறியா?... பின்ன?

...

என்னது?

திருப்பிச் சொல்லு.

தெரியுமா? உனக்கா?... எப்போலேர்ந்து?... ரெண்டாவது வாரமா?

இரு. இரு, உக்காந்துக்கறேன்.

எப்படித் தெரியும்? யாரு சொன்னா?... யாரும் சொல்லலன்னா பின்ன எப்படி?... நான் ஆடின ஆட்டம் சரியில்லையா?... ஆட்டம் நல்லா இருந்துச்சு... ம்... திங்கக்கிழமையா? திங்கக்கிழமை என்ன?

ஏழு மணிக்கே வந்துட்டேன்னா?

...

புரியுது.

புரியுது தம்பி, நீ சொல்ல வேண்டாம். திங்க, புதன், வெள்ளி. வாரத்துல மூணு நாள் அவளுக்கு டயாலிசிஸ். நான்தான் கூட்டிட்டுப் போவேன். நாலு மணி நேரம் அந்த நாற்காலியில படுத்துட்டு, கையில பெரிய கட்டோட வீடு வந்து சேர எட்டு, எட்டரை ஆயிடும். உங்களுக்குச் சண்டை ஏழு மணிக்கு. லேட்டா வந்தவங்க அன்னிக்குச் சண்டைக்குப் போகக் கூடாது, கோட்டை வாசல்ல தனியா நின்னு காவல் காக்கணும். அந்தச் சட்டத்தைப் போட்டதே அவதான். நோய்க்காரின்னு சொல்லி சலுகை வாங்கிக்க அவளுக்குப் பிடிக்கல. மூணு வருஷம், வாரம் மூணு நாள், உங்க கூட்டத்துலயே நல்ல ஹீலரு, மருந்து போட ஆளில்லாம நீங்க எல்லாம் உள்ள உதை வாங்கிட்டு இருப்பீங்க, அவ வாசல்ல நிப்பா.

வீட்டுல நான் கேப்பேன், எதுக்கு இந்தத் தலையெழுத்து, போய்ப் படுன்னு. 'வாசல்ல ஒருத்தரும் இல்ல, நல்ல காத்து வருது'ம்பா. கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள எங்கேர்ந்துடி காத்து வரும்? சிரிப்பா.

அவ நோட்டுலயே இருந்துச்சு தம்பி. கடைசிப் பக்கத்துல 'திங்கள், புதன், வெள்ளி: வாசல்'. நான் பாத்தேன். இனிமே எதுக்கு வாசல், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லையேன்னு சரியா ஏழு மணிக்கு வந்து உக்காந்தேன். முதல் ஆளா! மடையன். உலகத்துலயே நான் ஒருத்தன்தான் இப்படி மாட்டியிருப்பேன். நேரத்துக்கு வந்து.

அப்போ அவ உடம்பு உனக்குத் தெரியும்... அவசரம்னா கூப்பிடுன்னு அதுக்குத்தான் நம்பர் குடுத்தாளா... யாருக்கும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினா... சரி. சொல்லல. நல்ல பிள்ளை.

திங்கக்கிழமை ஏழு மணிக்கு அக்கா வந்தாச்சு. புதன்கிழமையும் வந்தாச்சு. டயாலிசிஸ் நின்னுபோச்சுன்னா அவளே இல்லன்னு உனக்குப் புரிஞ்சுபோச்சு. புரிஞ்சு என்ன பண்ணின?... இல்ல, நீ சொல்ல வேண்டாம், எனக்கு ஞாபகம் இருக்கு. நீதானே எழுதின? 'சூப்பர் அக்கா, இனி திங்கக்கிழமையும் பெரிய கோட்டைக்குப் போகலாம்.' நீதானே? பேரைப் பாத்தேனே, கடப்பாரைன்னு!

அவ செத்தது தெரிஞ்சும் அதை எழுதினியா!

...

கத்தல. கத்தலங்க. ஒண்ணும் இல்ல, ஃபோன்ல பேசிட்டு இருக்கேன். வாங்க, உக்காருங்க. உங்களுதுதான, ரெடியா இருக்கு. ரெண்டு பவர் கண்ணாடி. மேல் பாதி தூரத்துக்கு, கீழ் பாதி படிக்கறதுக்கு. படி இறங்கும்போது மட்டும் கீழ் பாதி வழியா பாத்துடாதீங்க, படி மிதக்கும். தலையை நல்லா குனிஞ்சு மேல் பாதி வழியா பாருங்க... ஆமா, ஒரு வாரம் அப்படித்தான் இருக்கும்... பழகிடும். எல்லாம் பழகிடும். போயிட்டு வாங்க.

இருக்கியா?... இரு.

வேற யாருக்குத் தெரியும்?... சொல்லு. எத்தனை பேருக்கு?... எல்லாருக்குமா? இருபத்திரண்டு பேருக்குமா?

எங்க வெச்சுப் பேசினீங்க?... கோட்டையிலயேவா. நான் குட் நைட் போட்டுட்டு வெளிய போன பிறகு, அவ கட்டின கோட்டையில, நடுக்கூடத்துல உக்காந்து... ஓட்டா? ஓட்டுப் போட்டீங்களா?... எப்படி, அதே மாதிரியா? சரின்னா குதி, வேண்டாம்னா உக்காரு. வாய் திறந்து பேச வெக்கப்படறவங்களும் ஓட்டுப் போடணும்னு அவ கொண்டுவந்த முறையாச்சே. அதை வெச்சேவா?

எதுக்கு ஓட்டு?... 'அக்கா வீட்டுக்காரருக்குத் தெரியும்னு சொல்லிடலாமா, இல்ல இப்படியே விட்டுடலாமா.' ம். இப்படியே விட்டுடலாம்னு குதிச்சது எத்தனை பேரு?... இருபத்தோரு பேரா.

அவ செத்துப்போன சேதிக்கு இருபத்தோரு பேரு குதிச்சிருக்கீங்க.

...

அப்படி இல்லன்னா எப்படி? விளக்கு... என் மனசு நோகக் கூடாதுன்னா... ம்... அவருக்கும் ஒரு ஆறுதலா இருக்கட்டும்னு... ம்... அப்புறம்?... அப்புறம்னு இழுத்தியே, சொல்லு... ஒருத்தர் கணக்குல இன்னொருத்தர் ஆடறது வெளிய தெரிஞ்சா கூட்டத்தையே போட்டியிலிருந்து தூக்கிடுவாங்க. அதானே? ஹீலரும் சட்டுனு கிடைக்க மாட்டாங்க. அதானே?... ரெண்டும் சேத்துத்தானா. சரி. உண்மையைச் சொன்னியே, அதுக்காவது சந்தோஷம்.

உக்காந்தது யாரு?... இருபத்தோரு பேரு குதிச்சாங்க, ஒருத்தர் உக்காந்தாங்கல்ல, அது யாரு?

கரிச்சட்டியா?

அந்தப் பொண்ணா!... அடக் கடவுளே. அது சொல்லாம கொள்ளாம கூட்டத்தை விட்டுப் போச்சுன்னு நான் எவ்வளவு திட்டினேன். நன்றி கெட்டதுன்னு எழுதினேன். நீங்க இருபத்தோரு பேரும் 'ஆமா அக்கா, ஆமா அக்கா'ன்னு போட்டீங்க. ஒருத்தனுக்காவது வாய் வந்துச்சா?

அது போறதுக்கு முந்தின நாள் எனக்கு மட்டும் ஒரு வரி அனுப்புச்சு. 'வீட்டுல வேளாவேளைக்குச் சாப்பிடறீங்களா'ன்னு. இது என்னடா சம்பந்தமில்லாமன்னு நெனச்சேன். இப்போ புரியுது. துக்கம் விசாரிச்சிருக்கு. அந்த ஒண்ணுதான் விசாரிச்சிருக்கு.

...

என்ன சொன்ன? மாமாவா?

யாருக்கு யாருய்யா மாமா? அக்கா வீட்டுக்காரர்னா மாமா முறைதானா? முறை சொல்லிக் கூப்பிடறவன் சாவுக்கு வரணும். அன்னிக்கு எத்தனை பேரு இருந்தாங்க தெரியுமா? நான், அவ தம்பி, பக்கத்துக் கடைக்காரர், ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு நர்சு. நாலு பேரு. தூக்கறதுக்குச் சரியா இருந்துச்சு. இருபத்திரண்டு பேரு என் குடும்பம்னு பெருமை அடிச்சுக்கிட்டா, அவளைத் தூக்க நாலு பேரு.

தெரியாதுல்ல, சரி. அன்னிக்குத் தெரியாது. ரெண்டாவது வாரம் தெரிஞ்சுதுல்ல? நம்பர் இருந்துச்சுல்ல? இந்த டிராயர்ல இந்த ஃபோன் சார்ஜோட கிடந்துச்சுல்ல?

அதுவும் இருக்கட்டும். இன்னிக்கு நான் எடுத்த உடனே என்ன கேட்ட? 'அக்கா இருக்காங்களா?' அவ இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டே கேட்டியே... எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலயா. ம்.

நான் ஏன் முப்பது நாளா வரலன்னு நீ இன்னும் கேக்கல. நானே சொல்றேன். அன்னிக்கு முதலிடம் வந்தோம்ல? வாணவேடிக்கை எல்லாம் விட்டீங்களே? அப்போ உங்கள்ல ஒருத்தன் எழுதினான். 'முன்னைய விட அக்கா இப்போதான் பிரமாதமா ஆடறாங்க.' பத்துப் பதினஞ்சு பேரு அதுக்குக் கைதட்டினீங்க. நான் கம்ப்யூட்டரை அணைச்சுட்டேன். தெரியாம எழுதிட்டான், விடு விடுன்னு முப்பது நாளா என்னை நானே சமாதானம் பண்ணிட்டு இருந்தேன். தெரிஞ்சேதான் எழுதியிருக்கான்!

அவ இருந்தவரைக்கும் வாரம் மூணு நாள் வாசல்ல நின்னா. நீங்க பதினோராவது இடம். அவ போன பிறகு ஹீலர் வாரம் முழுக்க வந்தாரு. முதலிடம். அவ செத்தது உங்களுக்கு ஏத்தம்யா.

...

அழாதே. நீ அழுதா எனக்கு என்ன வரப்போகுது?

மணி என்ன?... அஞ்சு அம்பது. ம்.

கேளு. நான் அவ்வளவு மோசமான ஆள் இல்ல. கோட்டையை நானும் இடிக்க நெனைக்கல. உன்கூட பேசிட்டே கம்ப்யூட்டரைப் போட்டுட்டேன். ஃபேன் சத்தம் கேக்குதா?... அதான். பாஸ்வேர்டு அடிச்சாச்சு. அவ எழுதி ஒட்டினது இன்னும் திரை ஓரத்துலயே இருக்கு. உள்ள வர ஒரு பட்டன்தான் பாக்கி.

வர்றேன். வந்து தலைமையை உனக்கே மாத்திக் குடுத்துட்டுப் போறேன். ஞாயித்துக்கிழமை போய் ஆடுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். கோட்டை வாசல்ல ஒரு பலகை வெக்கணும். அதுல ஒரே வரி. அக்கா செத்துட்டாங்க, இந்த இடத்துலதான் வாரம் மூணு நாள் நின்னாங்க, இன்ன தேதியில போனாங்க. அவ்வளவுதான். நீங்க எல்லாரும் அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் உக்காரணும். குதிக்க வேண்டாம். உக்காந்தா போதும். எனக்கு வேற யாரும் இல்ல தம்பி. அவ போயிட்டான்னு நாலு பேரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாம இருக்கறது எனக்குத் தாங்கல.

...

சொல்லு. இப்போவே எழுதிடலாமா?

...

என்ன?

ஞாயித்துக்கிழமைக்கு அப்புறமா?

...

எதிராளிங்க வாசல் வழியா போவாங்க வருவாங்க, பலகையைப் படிச்சு கம்பெனிக்குச் சொல்லிடுவாங்க... அஞ்சு நாள்தானே... அப்புறம் பெருசாவே வெக்கலாமா... எல்லாரும் சேந்து பிரமாதமா பண்ணலாம்னு...

ம்.

ம். கேக்குது. கேட்டுட்டுதான் இருக்கேன்.

வயிறு எரியுது தம்பி. வேற ஒண்ணும் இல்ல.

இப்போ எல்லாரும் எங்க இருக்கீங்க?... கோட்டைக்குள்ளயா?... வாசல்லயா? எல்லாருமா? நான் வர்றேனான்னு பாத்துக்கிட்டா?... நல்லது. அங்கயே நில்லுங்க. யாரும் நகர வேண்டாம்.

நம்ம கூட்டத்துல லேட்டா வந்தா என்ன சட்டம்?... தெரியும்ல, சொல்லு... மெதுவா சொன்னா கேக்கல, வாய்விட்டுச் சொல்லு... ஆமா. வாசல் காவல்.

அவ ஒன்றரை மணி நேரம் லேட்டா வந்ததுக்கே நின்னா, கையில கட்டோட. நீங்க பதினாலு மாசம் லேட்டு. நில்லுங்க. ஆறு மணிக்கு இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. அந்த நாலு நிமிஷமாவது நில்லுங்க.

இல்ல, பட்டனை அழுத்த மாட்டேன்... கையை மடியில வெச்சுட்டேன்... மாமான்னு கூப்பிடாதே, முன்னாடியே சொன்னேன்ல.

அங்க நல்ல காத்து வரும்னு அவ சொல்வா. வருதான்னு பாருங்க.

வைக்கிறேன்.